எட்டுக் கண்ணி வளையத்தின் பச்சை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வினை கெட்டுப்போனால் முதலில் எழும் கேள்வி, குடுவையைக் கழுவியது யார் என்பதுதான். சூடு கூடிவிட்டதா, மருந்து பழையதா, எடை போட்டவர் கண்ணைத் திறந்துகொண்டு போட்டாரா என்பதெல்லாம் அப்புறம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழியை எங்கள் ஆய்வகத்தைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அங்கே மருமகள் நான். பத்து வருடமாகக் குடுவை கழுவுகிறேன்.

மீனாட்சிபுரத்தில் வீடு. இரண்டு மாடுகள். விடிவதற்குள் பால் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டு, பாலக்காட்டுக்கு பஸ் ஏறினால் ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் இருப்பேன். பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் நான். இதை அங்கே யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒப்பந்த வேலை என்பதால் ஒவ்வொரு மார்ச்சிலும் ஆய்வகத் தலைவியான மேடம் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழாவிட்டால் ஏப்ரலில் நான் மாட்டுக்கொட்டகையோடு சரி.

எங்கள் ஆய்வகம் செய்வது கார்பன் வளையங்கள். பென்சீன் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் அறுகோணம். அதில் எட்டையோ பத்தையோ வரிசையாகப் பிணைத்து, தலையையும் வாலையும் சேர்த்து முடிந்துவிட்டால் ஒரு வளையம். கண்ணால் பார்க்க முடிந்தால் பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை மாதிரி இருக்கும். ஆனால் பென்சீனுக்குத் தட்டையாகப் படுத்திருக்கத்தான் பிடிக்கும், வளைக்கப் போனால் முரண்டு பிடிக்கும். அதனால் முதலில் சில துண்டுகளை வளைந்து நிற்கிற வேறு வடிவத்தில் செய்துகொண்டு, வளையத்தை முடிந்த பிறகுதான் அவற்றைப் பென்சீனாக மாற்றுவார்கள். முடிச்சு விழுந்த பிறகு அது எங்கே ஓடும்?

இந்த வளையங்களை மெல்லிய படலமாகப் பூசி மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம் தரும். துணி மாதிரி மடிக்கிற திரைகள், தோலில் ஒட்டிக்கொள்கிற கருவிகள் என்று என்னென்னவோ செய்யலாம் என்பது அவர்கள் ஆசை. எட்டுக் கண்ணி உள்ள வளையம் பச்சையாக ஒளிரும். பத்துக் கண்ணி நீலம். அதற்கு மேல் போனாலும் நீலம்தான்.

இதில் என் இடுப்பை ஒடிப்பது அந்த முடிச்சுப் போடும் கட்டம். கொஞ்சம் கரைப்பானில் செய்தால் ஒரு துண்டின் வால் பக்கத்துத் துண்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நீளச் சங்கிலியாகப் போய்விடும். தன் தலையைத் தானே பிடிக்க வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் ஆளே இருக்கக் கூடாது. அதனால் ஒரு சிட்டிகைப் பொருளுக்கு ஐந்து லிட்டர் குடுவை, அதுவும் மூன்று நான்கு. கிடைப்பது நகக்கண் அளவு தூள். கழுவ எனக்குக் கிடைப்பது அண்டா அண்டாவாகக் கண்ணாடி.

நான் கழுவுவதை யாரும் சோதிப்பதில்லை. நானே சோதிப்பேன். கழுவிக் காயவைத்த குடுவையை இருட்டறைக்குக் கொண்டுபோய் ஊதா விளக்கை உள்ளே காட்டுவேன். மின்சாரம் இல்லாமலே, அந்த வெளிச்சம் பட்டாலும் வளையங்கள் தங்கள் நிறத்தில் ஒளிரும். ஒரு புள்ளி மினுங்கினாலும் மறுபடி அசிட்டோன், மறுபடி சோப்பு. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பால் சங்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கூடக் கணக்குச் சொல்லி வளர்ந்தவள், எனக்குச் சுத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துவிட்டு வந்து எங்களோடு இருந்தவரை எல்லோரும் டாக்டர் என்போம். பாலக்காடு டவுன்காரர், தமிழ் வீடு. ஆனால் நாலு பேர் முன்னால் என்னிடம் மலையாளத்தில்தான் பேசுவார், நான் அவருக்குச் சேச்சி. அவசரமாக ஒரு குடுவை வேண்டுமென்றால் மட்டும் கழுவு தொட்டிக்கு அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, அக்கா என்று தமிழுக்கு இறங்குவார். எழுத்தில் மரியாதையாக அவர் என்கிறேன். மனசுக்குள் அவன்தான்.

வெளிநாட்டிலிருந்து அவர் ஒரு ஸ்பாட்டுலா கொண்டுவந்திருந்தார். தூளை அள்ளும் சின்னக் கரண்டிதான். அதன் நுனியில் மெல்லிய பள்ளம் இருக்கும், அதில் அள்ளினால் ஒரு துகள் சிந்தாதாம். அதை யாரிடமும் தரமாட்டார், கழுவக் கூடத் தரமாட்டார். "சேச்சி தொலைச்சுடுவாங்க" என்று ஒரு முறை என் காதுபடச் சொல்லிச் சிரித்தார். கோட்டுப் பையிலேயே வைத்திருப்பார், டிஷ்யூவால் துடைத்துக்கொள்வார்.

இன்னொருத்தி, வண்டிப்பெரியாரிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள், அம்மா இன்னமும் கொழுந்து கிள்ளப் போகிறார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் ஊருக்குப் போவாள், திரும்பும்போது எனக்கு ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் வரும். பன்னிரண்டு கண்ணி வளையத்தில் இரண்டு இடத்தில் கார்பனுக்குப் பதில் நைட்ரஜனை வைக்கப் பார்த்தாள். ஒரு வருடமாக வளையம் மூடவேயில்லை. ஒவ்வொரு முறையும் சங்கிலி, சங்கிலி. அந்தக் குடுவைகளைக் கழுவும்போது எனக்கே அழுகை வரும்.

அந்த பிப்ரவரியில் டாக்டரின் பத்துக் கண்ணி வளையத்தைப் படலமாகப் பூசி மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். நீலம் வரவேண்டிய இடத்தில் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை வந்தது. எட்டுக் கண்ணி வளையம் எங்கிருந்தோ கலந்துவிட்டிருக்கிறது. நீலப் படலத்தில் கொஞ்சம் பச்சை கலந்தால் போதும், கொடுத்த சக்தியையெல்லாம் அதுதான் இழுத்துக்கொள்ளும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அதேதான்.

எங்கிருந்து கலந்தது? டாக்டருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை மேடத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தார். எட்டுக் கண்ணி வளையம் செய்த குடுவை சரியாகக் கழுவப்படவில்லை, இது முதல் முறையும் அல்ல, உதவியாளரை மாற்ற வேண்டும். திங்கட்கிழமை கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். மார்ச் பிறக்க இன்னும் பத்து நாள்.

அந்தப் பெண்தான் ஓடிவந்து எனக்குச் சொன்னாள். "அக்கா, இப்பவே மேடத்தப் போய்ப் பாருங்க. நீங்க வெளக்கு வச்சுப் பாக்குறத நான் சொல்றேன். பேசாம இருந்தீகன்னா உங்களத்தான் பலி குடுப்பாக" என்றாள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று தெரிந்தது. இதற்கு முந்தைய வாரம்தான் அந்த ஆள் அக்கா, அக்கா என்று மூன்று குடுவையைச் சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிட்டுக் கழுவவைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், டாக்டரின் கோட்டு ஆணியில் தொங்கியது. ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கோட்டுப் பையை விரித்து உள்ளே காட்டினேன். பை முழுக்கப் பச்சை. ஸ்பாட்டுலாவின் பள்ளத்தில், டிஷ்யூ போகாத அந்த மடிப்பில், கோடு கிழித்த மாதிரிப் பச்சை, எட்டுக் கண்ணித் தூளை அள்ளியதன் மிச்சம். என் வயிறு குளிர்ந்தது. பத்து வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

அடுத்துக் குளிர்பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு பொருளையும் சுத்தம் செய்ததும், காயவைப்பதற்கு முன் அந்தக் கரைசலில் கொஞ்சத்தைக் குப்பியில் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். டாக்டரின் பத்துக் கண்ணிக் குப்பியில் ஒரு சொட்டைத் தொட்டு வடிதாளில் வைத்துக் காயவைத்து, விளக்கைக் காட்டினேன். சுத்த நீலம். அதாவது குடுவையிலிருந்து வந்தவரை ஒரு குறையும் இல்லை. காய்ந்த தூளை அவர் தன் கரண்டியால் அள்ளிய பிறகுதான் பச்சை.

அப்போதே மேடம் அறைக்குப் போயிருக்கலாம். பத்து அடி தூரம். கதவைத் தட்டி, விளக்கைக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மேடம் நியாயமானவர், டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கண்டித்திருப்பார். அந்தச் சாத்திய கதவுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் என்னைப் பற்றிக் கூட்டத்தில் ஊர் அறியச் சொல்லப் போகிறார், அவருக்கு மட்டும் கதவைச் சாத்துவார்களா? திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கை அணைக்க வேண்டும். அந்தப் பச்சையை எல்லோரும் பார்க்க வேண்டும். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு மனசில் ஒன்று தங்காது, நேரே மேடத்திடம் போய்விடுவாள்.

சனிக்கிழமை. எழுதும்போது கை தயங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

காலையில் அந்தப் பெண்ணின் வளையம் மூடிவிட்டது தெரிந்தது. முதல் முறையாகச் சங்கிலி இல்லை, வளையம். காய்ந்த தூள் குப்பியின் அடியில் வெண்மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதைச் சின்னக் குப்பிக்கு மாற்றி எடை பார்த்து, திங்கட்கிழமை அளவீட்டுக்கு அனுப்ப வேண்டும். "அக்கா, எங்கம்மாகிட்ட போன்ல என்னன்னு சொல்றது, அவுகளுக்கு வளையம்னா கம்மல்தான் தெரியும்" என்று சிரித்தாள், கண்ணில் தண்ணீர்.

டாக்டர் வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். "கை நடுங்குது பாரு, சிந்திடுவே. கொடு, நான் மாத்தித் தரேன்" என்றார் தமிழில். அவள் நகர்ந்துகொண்டாள். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

நான் மூன்றடி தள்ளி, இரண்டு கையிலும் குடுவையோடு நின்றேன். ஸ்பாட்டுலா வெளியே வந்தது. டிஷ்யூவால் ஒரு துடைப்பு. எனக்கு வாய் திறந்தது. 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அவர் ஏன் என்பார், கரண்டியைப் பார்ப்பார், ஓடிப்போய்க் கழுவிவிடுவார், கோட்டை அன்றைக்கே துவைத்துவிடுவார். திங்கட்கிழமை என்னிடம் ஒன்றும் இருக்காது. வாயை மூடிக்கொண்டேன். அவர் ஒரு துகள் சிந்தாமல் அள்ளி மாற்றினார். தராசு நாலு மில்லிகிராம் காட்டியது. அவள் கைதட்டினாள்.

'திரும்பச் சுத்தம் செய்துகொள்ளலாம், பரவாயில்லை' என்று அப்போது நினைத்தேன் என எழுத ஆசையாக இருக்கிறது. பொய். அந்த நேரத்தில் நான் அவளை நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் எல்லோர் கோட்டையும் நான்தான் வாங்கித் துவைத்துப் போடுவேன். டாக்டரும் கழற்றி நீட்டினார். "சோப்புத்தூள் தீந்து போச்சுங்க டாக்டர். திங்கக்கெழம தொவச்சுத் தர்றனுங்க, ஆணியிலயே மாட்டிட்டுப் போங்க" என்றேன். சோப்புத்தூள் டப்பா நிறைய இருந்தது. அவர் மாட்டிவிட்டுப் போனார், கரண்டியும் பையிலேயே இருந்தது.

ஞாயிறு முழுக்கத் திங்கட்கிழமையையே ஓட்டிப் பார்த்தேன். என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, விளக்கை யார் கையில் கொடுப்பது. மாட்டைக் கறந்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, எவனையோ வெட்டப் போறவளாட்ட மொகத்த வெச்சிருக்கிற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன், கரண்டி வரைக்கும் சொன்னேன். சனிக்கிழமையைச் சொல்லவில்லை. "அப்பறமென்ன, வேலை போகாதல்லோ? சாமத்தியமாப் பேசிட்டு வா" என்றார். சொல்லாமல் விட்டது சோற்றில் கல் மாதிரி ஒரு முறை நெருடியது. துப்பிவிட்டுச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பத்துப் பேர். நான் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் படம் போட்டு விளக்கினார், பச்சையாக ஒளிர்ந்த படலம், வரைபடத்தில் நீலம் வந்திருக்க வேண்டிய கோடு. கடைசியில் சேச்சி என்று ஆரம்பித்து மலையாளத்தில் என் கதையைச் சொன்னார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். தனிப்பட்ட வருத்தம் ஒன்றும் இல்லையாம், ஆராய்ச்சியின் நன்மைக்காகவாம். மேடம் என் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டார்.

எழுந்தேன். "மேடம், லைட்ட அணைச்சுட்டு ஊதா வெளக்க நீங்களே கையில வச்சுக்கோணுங்க. ரெண்டு நிமிசம் போதுங்க" என்றேன்.

கழுவிய குடுவையை முதலில் வைத்தேன். உள்ளே இருட்டு. குளிர்பெட்டிக் குப்பியிலிருந்து ஒரு சொட்டைத் தாளில் வைத்தேன், காய்ந்ததும் நீலம். அதன் பக்கத்தில் டாக்டரின் தூளைக் கொஞ்சம் தேய்த்தேன், பச்சை. "குடுவையிலிருந்து வந்தது நீலமுங்க. டாக்டர் கரண்டி பட்டது பச்சைங்க" என்றேன். ஆணியிலிருந்து கோட்டை எடுத்து, மேசையில் விரித்து, பையைத் திறந்துவைத்தேன். மேடம் விளக்கைக் கொண்டுவந்தார்.

அந்தப் பை பளபளத்ததைப் பார்த்து யாரோ 'அம்மாடி' என்றார்கள். ஸ்பாட்டுலாவை எடுத்துப் பள்ளத்தைத் திருப்பிக் காட்டினேன். "பத்து வருசமா இந்த லேப்புல நான் கழுவாத சாமான் இது ஒண்ணுதானுங்க" என்றேன். இந்த வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கொட்டகையில் மூன்று முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"அக்கா, என்ன இது" என்றார் டாக்டர். எல்லோர் முன்னாலும், தமிழில், அக்கா. மங்கிய ஊதா வெளிச்சத்தில் அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். வெட்கமோ பயமோ, ஏதோ ஒன்றால் அது சுருங்கிக் கிடந்தது. தித்தித்தது. இதை நல்லவள் மாதிரி மறைக்க நான் தயாரில்லை.

விளக்கைப் போட்டார்கள். மேடம் டாக்டரிடம், இந்தக் கரண்டியை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. அந்தப் பெண் எழுந்து வெளியே ஓடினாள்.

திரும்பி வந்தபோது கையில் அந்தச் சின்னக் குப்பி இருந்தது. யாரிடமும் கேட்காமல் அவளே சுவிட்சை அணைத்தாள். மேடத்தின் கையிலிருந்து விளக்கை வாங்கிக் குப்பிக்கு அடியில் பிடித்தாள். மங்கலான நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை அங்கங்கே ஊறி நின்றது. குப்பியை மேசையில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இந்தக் கரண்டிய எப்பப் பாத்தீக?"

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

"சனிக்கிழம நீங்க அங்கனதான நின்னீக."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? கூட்டத்தில் யாருக்கும் அது என்ன பேச்சென்று முழுசாகப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் முறையாக ஏதோ சமமாகப் பார்ப்பது போல் இருந்தது, அதுதான் எனக்கு அன்றைக்கு விழுந்த அடி.

நாலு மில்லிகிராமைத் திரும்பப் பிரித்தெடுக்கப் பார்த்தாள். பாதி, பிரிக்கப் பயன்படும் சிலிக்காத் தூளிலேயே தங்கிவிட்டது, மீதி அளவீட்டுக்குப் போதவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள். இன்னொரு முறை வளையம் மூட ஏழு மாதம் ஆயிற்று. அளவீடுகள் மிச்சமிருந்ததால் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அவள் வண்டிப்பெரியார் போகவில்லை.

என் ஒப்பந்தத்தில் மேடம் கையெழுத்துப் போட்டார். டாக்டர் இரண்டு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். போகும் நாள் கழுவு தொட்டிப் பக்கம் வரவில்லை. அவருக்குச் செய்ததற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு முறை செய்வேன், வெள்ளிக்கிழமையே செய்வேன்.

அவள் என்னோடு பேசாமல் இல்லை. காலையில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். தன் குடுவைகளை மட்டும் என்னிடம் தருவதில்லை. ஐந்து லிட்டர் குடுவையைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து, என் பக்கத்துக் குழாயில் நின்று தானே கழுவுகிறாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "இங்க குடு கண்ணு, நாங் கழுவித் தர்றேன்" என்று கையை நீட்டினேன்.

"இருக்கட்டும்க்கா, நானே பாத்துக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.